கழலாத சக்கரம்

மோட்டார் வண்டியின் சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரியும் என்பது நம்முடைய சிறிய கர்வங்களில் ஒன்று. பெரிய கர்வங்களுக்கு வழியில்லாதவர்கள் இம்மாதிரிச் சிறிய கர்வங்களைத்தான் பொன்போல் போற்றி வருவார்கள். நம் தகப்பனார் பழைய அம்பாஸடர் வண்டி ஒன்று வைத்திருந்தார். அந்த வண்டி மாதத்திற்கு இரண்டு தடவையாவது நடுவழியில் ஒரு டயரை விட்டுக்கொடுக்கும். அப்போதெல்லாம் தகப்பனார் சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேலையில் இறங்குவார். கழற்றிய நட்டுகளைச் சக்கரத்தின் மூடித் தட்டில் போட்டு அதை நம் கையில் தருவார். அந்தத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றதுதான் நாம் பெற்ற மோட்டார் கல்வி. பிற்காலத்தில் அதையே "நமக்குத் தெரியாததா?" என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வளர்த்துவிட்டோம்.

அந்தக் கர்வம் 2025 ஆகஸ்டு மாதம் ஒரு பகல் வேளையில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே சாலையோர மணலில் விழுந்தது. கர்வம் விழுந்ததைப்பற்றி எழுதுவதானால் அதற்கு இத்தனை காகிதம் வேண்டியதில்லை. விழ இருந்தது வேறொன்று. அதற்காகவே எழுதுகிறோம்.

தகப்பனாருக்குச் செய்ய வேண்டிய காரியத்துக்காக இராமேசுவரம் போயிருந்தோம். வண்டியில் நாம், எண்பத்திரண்டு வயதான நம் தாயார், அக்காவின் மகன் ஆக மூன்று பேர். பையன் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தான். அவனை அனுப்பமாட்டேன் என்றுதான் அக்கா முதலில் சொன்னாள். "தாத்தாவுக்குச் செய்கிற காரியம், பேரன் வரவேண்டாமா?" என்று அம்மா கேட்ட பிறகு அனுப்பினாள். "உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்" என்று நம்மிடம் ஒரு வார்த்தையும் சொன்னாள்.

அக்கினி தீர்த்தத்தில் காரியம் முடிந்தது. தனுஷ்கோடி முனை வரை போய், 1964-ஆம் வருஷத்துப் புயல் விட்டுச் சென்ற சுவர்களையும் பார்த்தாயிற்று. பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் வரும்போது பையன் வண்டியை மெதுவாக விடச் சொன்னான். பக்கத்தில் 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலம். அதை ஒட்டினாற்போல் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம். புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டிருப்பதையும், உப்புக்காற்றைத் தாங்குவதற்கென்று தனி வர்ணம் பூசியிருப்பதையும் பையன் விவரித்துக்கொண்டே வந்தான். நாம் தலையை ஆட்டினோம். அந்த உப்புக்காற்று நம் வண்டியின் அடியிலும் எட்டு வருஷமாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் நமக்கு அப்போது வரவில்லை.

மண்டபம் தாண்டிச் சிறிது தூரத்தில் எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கினோம். ஜல்லி விளிம்பில் இடது பின் சக்கரம் உரசியது. டயரின் பக்கச் சுவர் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிந்துபோயிற்று. இந்தக் காலத்து டியூப் இல்லாத டயரில் ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமலேயே ஓட்டையை அடைத்துவிடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்டுக்கு இடமில்லை. சக்கரத்தை மாற்றித்தான் ஆகவேண்டும்.

அம்மாவை ஒரு பனைமரத்தின் நிழலில் உட்கார வைத்தோம். பனைமர நிழல் எவ்வளவு இருக்கும் என்பது நேயர்களுக்குத் தெரியும். மரம் சாயாமல் இருந்தாலும் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். அம்மாவும் கூடவே நகர்ந்துகொண்டிருந்தாள்.

"ஸ்டெப்னியை எடுடா!" என்றோம் பையனிடம், தகப்பனார் குரலில்.

இந்த ஸ்டெப்னி என்கிற வார்த்தை ஒரு வேடிக்கை. மோட்டார் வண்டிகள் உபரிச் சக்கரம் இல்லாமல் விற்கப்பட்ட காலத்தில், வேல்ஸ் தேசத்தில் லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு கடைக்காரர்கள் அந்தக் குறையைத் தீர்க்க ஒரு மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது உலகமெல்லாம் போயிற்று. இன்று இங்கிலீஷ்காரரிடம் போய் 'ஸ்டெப்னி' என்றால் விழிப்பார். நாமோ அந்தத் தெருவின் பெயரை உச்சிப்புளிச் சாலையில் நின்றுகொண்டு கூவுகிறோம். வெள்ளைக்காரர் விட்டுச் சென்றவற்றுள் அவர்களே மறந்துபோனதை நாம் காப்பாற்றி வருவதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

ஸ்பானரைப் போட்டு நட்டுகளைத் தரையிலேயே அரைச் சுற்றுத் தளர்த்தினோம். இது சரியான முறைதான். தகப்பனார் சொல்லிக் கொடுத்தது. ஜாக்கியை வைத்துத் தூக்கினோம். நான்கு நட்டுகளையும் கழற்றிக் கைக்குட்டையில் கட்டினோம். இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து இழுத்தோம்.

சக்கரம் வரவில்லை.

மறுபடியும் இழுத்தோம். பையனும் சேர்ந்து இழுத்தான். மேலே பிடித்து இழுத்தோம், கீழே பிடித்து இழுத்தோம். ஒரு நட்டும் இல்லாத சக்கரம், ஒன்றுமே நடக்காததுபோல் இருந்த இடத்தில் இருந்தது. பூட்டாத கதவு திறக்கவில்லையென்றால் உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுமல்லவா? அந்த மாதிரி ஓர் உணர்ச்சி உண்டாயிற்று.

உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது இன்னது என்று பிறகு தெரிந்துகொண்டோம். அதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். மோட்டார் வண்டியில் அச்சின் முனையில் ஹப் என்று ஓர் இரும்பு முகம் இருக்கிறது. அதன் நடுவில் வட்டமான ஒரு விளிம்பு சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் நடுத்துவாரம் அதன்மேல் பொருந்தி உட்காரும். நம் நாட்டில் ஓடும் பல சிறு கார்களில் அந்தத் துவாரத்தின் அளவு 54.1 மில்லிமீட்டர். விளிம்புக்கும் துவாரத்துக்கும் நடுவே தலைமயிர் நுழையும் இடம்கூட இராது. சக்கரம் ஆடாமல் சுழல வேண்டுமென்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த இரும்பு முகத்துக்குப் பெரும்பாலும் வர்ணம் பூசுவதில்லை. மழை நீர் அந்த நுண்ணிய இடைவெளியில் நுழைந்தால் வெளியே வர வழியில்லை. இரும்பு துருப்பிடிக்கும், துருவோ, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாத இடத்தில் இடம் கேட்கும் விருந்தாளி என்ன செய்வான்? இரண்டு பக்கத்துச் சுவரையும் நெருக்குவான். ஆப்பு அடித்ததுபோல் சக்கரம் இறுகிவிடும்.

நம் வண்டியில் இன்னொரு விசேஷமும் சேர்ந்துகொண்டது. 2017-இல் வண்டியை வாங்கியபோது, சாதாரண இரும்புச் சக்கரம் அழகில்லை என்று அலுமினியக் கலவைச் சக்கரத்துக்கு அதிகப்படியாகப் பணம் கொடுத்திருந்தோம். இரும்பும் அலுமினியமும் ஒட்டி உட்கார்ந்து, நடுவில் உப்புநீரும் சேர்ந்தால் அது ஒரு சின்னஞ்சிறு மின்கலம். அந்த உறவில் கரைகிறது அலுமினியம். வெள்ளை வெள்ளையாகப் பொடி கட்டும். நாம் குடியிருப்பது திருவான்மியூரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். போதாதற்கு 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் சமயத்தில் வண்டி இரண்டு நாள் முழுதும் சக்கரம் மறையும் அளவு தண்ணீரில் நின்றது. அழகுக்குக் கொடுத்த பணம், கடற்காற்று, புயல் வெள்ளம் எல்லாம் சேர்ந்துதான் உச்சிப்புளிச் சாலையில் நம்மை நிறுத்தின.

இதெல்லாம் அப்போது தெரியாது. அப்போது தெரிந்ததெல்லாம் கோபம் ஒன்றுதான். சக்கரத்தை உதைத்தோம். முதலில் மெதுவாக, பிறகு பலமாக. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா எதிரில், பையன் எதிரில் ஒரு சக்கரத்திடம் தோற்பதா என்ற ரோஷம் வேறு.

பையன் கைபேசியை எடுத்து ஏதோ ஒரு படத்தைத் தேடிப் பிடித்தான். அதில் ஒரு மனிதர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு உள்பக்கத்திலிருந்து சக்கரத்தை அடித்துத் தள்ளுகிறார். சக்கரம் பணிவுடன் வந்துவிடுகிறது. "மாமா, நான் உள்ளே போய் ஒரு கல்லால் அடிக்கிறேன். நீங்கள் வெளியிலிருந்து உதையுங்கள். இரண்டு பக்கமும் அசைந்தால் வந்துவிடும்" என்றான்.

அந்தப் படத்தில் வண்டி கனமான இரும்புத் தாங்கிகளின்மேல், சிமெண்டுத் தளத்தில் நிற்கிறது என்பதை நாம் கவனிக்கவில்லை. நம் வண்டி நின்றதோ மணலில், ஒற்றை ஜாக்கியின்மேல். முன் சக்கரங்களுக்குக் கல் வைக்கவில்லை. கை பிரேக்கைப் போட்டிருந்தோம். ஆனால் நம் வண்டி போன்றவற்றில் கை பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அவற்றில் ஒன்றை ஆகாயத்தில் தூக்கிய பிறகு மிச்சமிருப்பது பாதிப் பிடிப்புத்தான். இவ்வளவையும் யோசித்திருக்க வேண்டியவர்கள் நாம். நாம் சொன்ன பதில், "சரி, ஜாக்கிரதை" என்பது. அந்த இரண்டு வார்த்தையையும் எத்தனையோ இரவு நினைத்துப் பார்த்துவிட்டோம். அனுமதி கொடுத்துவிட்டு, ஆபத்தையும் அவன் தலையிலேயே போட்டுவிடுகிற வார்த்தைகள் அவை.

பையன் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். தலையும் தோளும் வண்டிக்கு அடியில் போய்விட்டன. கல்லால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஏண்டா, அந்தத் தண்ணிப் பாட்டிலைக் கொஞ்சம் எடுத்துக் குடேன். நெஞ்சை அடைக்கிறது" என்று அம்மா கூப்பிட்டாள்.

நாம் அருகிலேயே நின்றோம். பாட்டிலை நாமே எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அம்மா கூப்பிட்டது அவனை. பாட்டி கூப்பிட்டால் அவன் உடனே போகிறவன். வெளியே ஊர்ந்து வந்து, முதுகு மணலைத் தட்டிக்கொண்டு, பாட்டிலை எடுத்துப் போனான். அந்த இடைவேளையில் நாம் சும்மா இருக்காமல் சக்கரத்தை இன்னொரு தடவை உதைத்தோம்.

ஜாக்கி சாய்ந்தது. மணலில் அதன் ஒரு பக்கக் கால் புதைந்திருந்தது போலும். வண்டி ஒரு முறை முனகி, பின்பக்கமாக நகர்ந்து, தொப்பென்று உட்கார்ந்தது. கிழிந்த டயர் நசுங்கி, வண்டியின் பக்க விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. ஜாக்கி அதன் அடியில் கோணிக்கொண்டு கிடந்தது. பையன் கையில் இருந்த கல் எங்கே என்று பார்த்தோம். அவன் விட்டுவிட்டு வந்த இடத்தில், விளிம்புக்கு நேர் கீழே இருந்தது.

சக்கரம் கழலாமல் இருந்ததால்தான் வண்டி அந்த ஒரு சாணிலாவது நின்றது. நாம் ஆசைப்பட்டபடி அது கழன்றிருந்தால் அதுவும் இல்லை.

அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பையன் சிரிக்க முயன்றான். நமக்குக் கால் நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆயிற்று.

மொபெட்டில் போன ஒருவர் நின்று விஷயத்தைக் கேட்டார். "உச்சிப்புளியில ஒரு பாய் இருக்காரு, சொல்லி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே முக்கால் மணியில் பாய் வந்து சேர்ந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் தொப்பி. மொபெட்டின் முன்னால் ஒரு பலகை, ஒரு பாட்டில் ஜாக்கி, நான்கைந்து மரக்கட்டைகள், ஒரு தகர டப்பா. வந்தவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. கோணிக் கிடந்த ஜாக்கியைப் பார்த்தார். மணலில் பையனுடைய முதுகு பதிந்திருந்த அடையாளத்தைப் பார்த்தார்.

"இதுல யாரு படுத்தது?" என்றார்.

பையன் நின்ற நிலையே பதில் சொல்லிற்று.

"தம்பி சின்னப் பிள்ளை, படுக்கத்தான் செய்யும். நீங்க பெரியவுக, பாத்துக்கிட்டா நின்னீக?" என்றார் நம்மிடம்.

அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

பிறகு அவர் செய்த வேலையை வரிசையாகச் சொல்ல வேண்டும். அவசரம் என்பதே அவரிடம் இல்லை. முதலில் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னுமாகக் கட்டை வைத்தார். மணலைக் காலால் ஒதுக்கிப் பலகையைப் போட்டு, அதன்மேல் பாட்டில் ஜாக்கியை நிறுத்தி, வண்டியைச் சிறிதே தூக்கினார். ஸ்டெப்னியை எடுத்து வண்டியின் அடியில் படுக்க வைத்தார். "ஜாக்கி விட்டாலும் இது தாங்கும். எந்தச் சக்கரத்தைக் கழட்டினாலும் முதல்ல இதைச் செய்யணும்" என்று பையனைப் பார்த்துச் சொன்னார். நம்மைப் பார்த்துச் சொல்லாதது அவருடைய மரியாதை.

டப்பாவில் எண்ணெய் இருந்தது. ஒரு துணித் திரியை அதில் நனைத்து, சக்கரத்தின் நடுத்துவாரத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஊற்றவில்லை. பிரேக் டிரம்மின் உள்ளே எண்ணெய் இறங்கினால், சக்கரம் கழலும், வண்டி நிற்காது என்றார். இந்தக் காரியத்துக்கென்றே கடைகளில் குழாய் வைத்த டப்பாக்களில் எண்ணெய் விற்கிறார்கள். அவற்றுள் பேர்போன டபிள்யூ.டி. நாற்பது என்பது 1953-இல் அமெரிக்காவில் ராக்கெட்டுகளின் உடம்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்காகக் கண்டுபிடித்தது. நாற்பதாவது முயற்சியில் பலித்ததால் அந்தப் பெயர். பாயின் டப்பாவில் இருந்தது மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் கலந்தது. அவர் எத்தனையாவது முயற்சியில் அந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்தாரோ, நாம் கேட்கவில்லை.

எண்ணெய் ஊறட்டும் என்று கால்மணி நேரம் உட்கார்ந்தார். அம்மாவிடம் போய், "பெரியம்மா, எங்கேயிருந்து வர்றீக?" என்று விசாரித்தார். இராமேசுவரம் என்றதும், எந்தத் தீர்த்தத்தில் தண்ணீர் இன்னும் தித்திப்பாக இருக்கிறது என்று சொன்னார். அம்மாவின் முகத்தில் அன்று முதன்முதலாகத் தெளிவு வந்தது.

அடுத்தபடியாக அவர் செய்ததுதான் நமக்கு ஆச்சரியம். கைக்குட்டையில் கட்டி வைத்திருந்த நட்டுகளை வாங்கி, நான்கையும் திரும்ப மாட்டினார்! கையால் முடிந்தவரை முடுக்கி, பிறகு ஒவ்வொன்றையும் ஒரே ஒரு சுற்றுப் பின்னுக்குத் திருப்பினார். ஒரு சுற்று என்றால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இராது. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினார். கட்டைகளையும் எடுத்துவிட்டு, "ஐயா, ஸ்டார்ட் பண்ணி ஒரு வண்டி நீளம் முன்னால போங்க. சட்டுனு பிரேக்கை அமுக்குங்க. அதுக்கு மேல ஒரு அடி போகாதீக" என்றார்.

"டயர் கிழிந்திருக்கிறதே, பாய்?"

"போன டயர் போனதுதான். இனிமே அதுக்கு என்ன ஆகப்போகுது?"

முன்னால் போய் நிறுத்தினோம். ஒன்றும் இல்லை. பின்னால் வந்து நிறுத்தினோம். ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை பிரேக்கை அமுக்கியதும் பின்னால் 'டங்க்' என்று ஒரு சத்தம். பாய் கையை உயர்த்தினார்.

யோசித்துப் பார்த்தால் இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சக்கரம் காற்றில் தொங்கும்போது அதை அசைக்க நம்மிடம் இருப்பது ஒரு காலின் பலம்தான். தரையில் இறக்கிவிட்டால் அந்த மூலையின்மேல் வண்டி தன்னுடைய எடையில் கால் பங்கை, இருநூறு முந்நூறு கிலோவை வைத்து அழுத்துகிறது. ஓடி நிற்கும்போது அதே எடை திருகிப் பார்க்கிறது. துரு அதற்குத் தாங்கவில்லை. சக்கரம் விட்டுக்கொடுத்தாலும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு அப்பால் நட்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. விழ வேண்டியது பத்திரமாக விழும்படி செய்த ஏற்பாடு அது. நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு இப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. நட்டோடு போனாலும் சில அடிக்கு மேல் போவது போல்ட்டுகளுக்கு ஆகாது.

மறுபடி கட்டை வைத்து, பலகை போட்டு, ஜாக்கி ஏற்றி, ஸ்டெப்னியை அடியில் தள்ளி, நட்டுகளைக் கழற்றினார். சக்கரம் தானாக வந்ததுபோல் அவர் கையில் வந்தது. உள்ளே நடுவட்டத்தைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் ஒரு வளையம். அதை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியது போல் இன்னொரு வெள்ளை வளையம். எட்டு வருஷத்துக் கடற்காற்று.

"இந்தச் சக்கரம் கம்பெனியில மாட்டினதுக்கு அப்புறம் கழலவே இல்லை" என்றார் பாய்.

"அதெப்படி? வருஷா வருஷம் நான்கு சக்கரத்தையும் கழற்றி இடம் மாற்றிப் போடுகிறார்களே!" என்றோம். வண்டியைப் பழுது பார்க்கும் இடத்தில் கொடுத்த ரசீதுகள் முன் அறையில் இருந்தன. பையன் எடுத்துப் படித்தான். ஆறு ரசீதுகளில் அதற்குத் தனியாகப் பணம் எழுதியிருந்தது. பாய் ரசீதைப் பார்க்கவில்லை. சக்கரத்தைத் திருப்பி, உடையாமல் ஒரே வட்டமாக இருந்த அந்தத் துரு வளையத்தை விரலால் காட்டினார். ஒரு தடவை கழன்று மறுபடி ஏறியிருந்தால் அந்த வளையம் அப்படி இராது. அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நம்முடைய குற்றமும் அதில் கலந்திருக்கிறது. ஆறு வருஷமும் வண்டியைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டவர்கள் நாம். ஒரு தடவைகூடச் சக்கரத்தைப் பார்க்கவில்லை.

நம் பாட்டனார் ஊரில் மாட்டு வண்டி வைத்திருந்தார். வைக்கோலைக் கருக்கி எண்ணெயில் குழைத்து வண்டி மை செய்வார்கள். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை இழுத்து, அச்சில் மை போட்டு, மறுபடி சக்கரத்தை ஏற்றுவார்கள். அதற்கு ரசீது கிடையாது. மை போடாத வண்டி தெருக்கோடியில் வரும்போதே கிரீச்சிடும். ஊர் முழுவதும் வண்டிக்காரனுடைய சோம்பேறித்தனம் தெரிந்துபோகும். மோட்டார் வண்டியோ சத்தமில்லாமல் துருப்பிடிக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை நமக்குச் சொல்வதே இல்லை.

பாய் கம்பி பிரஷால் ஹப்பின் முகத்தைத் தேய்த்தார். பிறகு உப்புத்தாளால் தேய்த்தார். நடு விளிம்பில் மட்டும், விரல் நுனியில் எடுத்த கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினார். போல்ட்டிலோ, நட்டு உட்காரும் இடத்திலோ படக்கூடாது என்று பையனிடம் சொன்னார். அங்கே வழுக்கினால் முடுக்கம் கணக்குத் தப்பிவிடும். சிறு கார்களின் நட்டுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முடுக்கம் போதும். அரை மீட்டர் நீளப் பிடியின் முனையில் இருபது கிலோ எடை தொங்குவதற்குச் சமம். பாய்க்கு இந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. ஸ்டெப்னியை மாட்டி, எதிரும் புதிருமாக நட்டுகளை முடுக்கினார். "அம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி ஒரு தடவை பாத்துக்கங்க" என்றார்.

"மற்ற மூன்றையும் கழற்றிப் பார்த்துவிடலாமா, பாய்?" என்று நாமே கேட்டோம். அம்மாவைப் பார்த்தோம். "பாருங்கோ, நான் இருக்கேன்" என்றாள். வலது பின் சக்கரமும் அதே கதைதான். முன் சக்கரங்கள் இரண்டும் டயரின் உட்பக்கத்தில் கட்டை வைத்துச் சுத்தியலால் மாற்றி மாற்றித் தட்டியதிலேயே வந்துவிட்டன. கடைசிச் சக்கரத்தைப் பையனே செய்தான். கழற்றிய கிழிந்த சக்கரத்தை அடியில் தள்ளாமல் அவன் ஜாக்கியின் பக்கமே போகவில்லை என்பதைப் பாய் கவனித்தார். நாமும் கவனித்தோம்.

நாம் கொடுத்த ஆயிரம் ரூபாயில் அறுநூறைத் திருப்பிக் கொடுத்தார். எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கவில்லை.

காரைக்குடிக்குப் போய்ச் சேர இரவு வெகு நேரமாயிற்று. அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய நிலையம். உலோகங்கள் அரிபடுவதைப்பற்றி ஆராய்வது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. மண்டபத்துக் கடலோரத்தில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைத்து அவை என்ன ஆகின்றன என்று கணக்கெடுத்தவர்கள் அவர்கள். அந்த வாசலைக் கடக்கும்போது, நம் பங்குக்கு எட்டு வருஷம் நடத்திய பரிசோதனையின் முடிவு வண்டியின் பின்பெட்டியில் கிடந்தது. நமக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. பையன் பின் ஆசனத்தில் பாட்டியின் தோளில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் கை அவன் நெற்றியின்மேல் இருந்தது.

சென்னைக்கு வந்த பிறகு பாட்டில் ஜாக்கியும் பலகையும் வாங்கினோம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை நாமும் பையனுமாகச் சக்கரங்களைக் கழற்றுவது என்று ஏற்பாடு. முதல் தடவை செய்தபோது காவல்காரர் வந்து, "வண்டியை விற்கப் போறீங்களா, சார்?" என்று கேட்டார்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. டயர் கிழிந்ததும், பாய் வந்ததும், அறுநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்ததும் அவளுக்குத் தெரியும். நடுவில் ஒரு பகுதி தெரியாது. பையன் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் யார் என்று அவர்கள் இருவரும் தீர்மானித்துவிட்டார்கள் என்பது அவர்கள் நம்மைப் பார்க்கும் பார்வையில் தெரிகிறது. அக்கா இந்தப் பத்திரிகையை வாராவாரம் படிக்கிறவள். இந்த இதழ் வெளிவரும் அன்று, கடைக்கு வருமுன் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நாமே அவள் வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம்.